தீ என்று எழுதிய வாளி

வார்னிஷ் வாசனை வருகிறது. எதிர்வீட்டில் மகளுக்குக் கல்யாணம். வாசல் கதவுக்கு இரண்டாவது கோட்டிங் அடிக்கிறார்கள். திண்டுக்கல் வெயிலில் அது காய்வதற்குள் தெருவைத் தாண்டி, என் சன்னல் ஏறி, மூக்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது கல்யாண வாசனை. எனக்கு அது வந்தால் கால் பரபரக்கும். எழுந்து போய் அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக இதே வீடு, இதே கதவு. இருந்தாலும் பார்ப்பேன்.

மண்டபங்களுக்குப் போனாலும் இதே சோலிதான். முதலில் பின்வாசல், அப்புறம்தான் மாப்பிள்ளை.

"தாலி கட்டுறதப் பாக்க வந்தீங்களா, தாழ்ப்பாளப் பாக்க வந்தீங்களா?" என்பாள் என் மனைவி.

அவளிடம் முழுக் கதையைச் சொன்னதில்லை. அதில் நான் அவ்வளவு நன்றாக வரமாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு பழைய தேவாலயத்தின் அலுவலகத்தில் ரைட்டராக இருந்தேன். நான் பழனிக்காரன். அடிவாரத்தில் சூடமும் விபூதியும் விற்கிற கடைக்காரர் மகன். சூடப் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு அப்பா பீடி குடிப்பார். எங்கள் குடும்பத்துக்கும் நெருப்புக்கும் இருந்த மரியாதை அவ்வளவுதான். ஓரிடத்தில் தரிக்காத காலோடு மலையேறிய என்னை ஒரு தேவாலயம் எதற்கு வேலைக்கு எடுத்தது என்று கேட்கலாம். சபையில் இரண்டு கட்சிகள். இரண்டிலும் சேராத ஆள் வேண்டுமென்று தேடியதில், மதத்திலேயே சேராத ஒருவன் கிடைத்தான். இங்கிலீஷ் டைப்பும் தமிழ்க் கையெழுத்தும் சுத்தமாக இருந்தன. அது போதுமென்று விட்டார்கள்.

கட்டடம் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் கட்டியது. வெளியே கல், உள்ளே எல்லாம் மரம். தரை மரம், ஆளுயரத்துக்குச் சுவர்ப் பலகை, தலைக்கு மேல் பலகை, அதைத் தாங்கும் உத்தரங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அத்தனைக்கும் வார்னிஷ் அடிப்பார்கள். பழையதைச் சுரண்டும் பழக்கம் கிடையாது. தாத்தா அடித்த வார்னிஷின் மேல் அப்பா, அப்பாவின் மேல் பேரன். பனி இறங்கும் சாயங்காலத்தில் விளக்கைப் போட்டால் உள்ளே தேன் வழிவதுபோல் மின்னும். சுற்றுலா வந்தவர்கள் வாசலில் நின்று, ஆகா, தேன்கூட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். தீப்பெட்டிக்குள் வந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னவர் அந்தச் சபையில் ஒரே ஒருவர்.

அவர் கோயில்பிள்ளை. அது பேர் அல்ல, உத்தியோகம். மணி அடிப்பது, பெருக்குவது, திறப்பது, பூட்டுவது. பேத்துப்பாறைக்காரர், ஐம்பது வயது இருக்கும். தேவாலயத்தின் பின்சுவரில் சாய்த்துக் கட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. வேலை இருக்கும்வரை அறை. அறை போனால் மலையில் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

தேவாலயத்துக்கு இரண்டு கதவுகள். பெரிய கதவு உள்பக்கமாகத் திறக்கும். மழையில் ஊறி உப்பிவிட்டால் இரண்டு பேர் இழுத்தால்தான் அசையும். பக்கக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், நல்ல கதவு. அதற்குக் குறுக்கே ஓர் ஆர்கன் நின்றது. காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய சாமான், இரும்பு பீரோவுக்கு அண்ணன் மாதிரி. சொந்த ஊர் திரும்பிப்போன ஒரு துரை, இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்தது. நெற்றியில் பித்தளைத் தகடு. வந்த அன்று எங்கே வைப்பது என்று தெரியாமல் யாரோ கதவுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். வைத்த இடம் புனிதமாகிவிட்டது.

கோயில்பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"எழுதுங்க ரைட்டரு. ஐயாமாருக்கு. தீ கீ புடிச்சா சனம் எந்த வழியா வெளிய போகும்? ஆர்கன நாலடி தள்ளி வைக்கணும். அம்புட்டுத்தான்."

"'தீ கீ'ன்னு எழுத முடியாதுண்ணே."

"சரி, கீய எடுத்துருங்க. தீய விட்டுருங்க."

எழுதினேன். கமிட்டி கூடியது. சபைக் குருவை அங்கே ஐயர் என்பார்கள். பழனிக்காரனான எனக்கு அந்த வார்த்தை அந்த இடத்தில் ஒட்ட ஒரு மாதம் ஆனது. ஐயர் சாது. கமிட்டியை நடத்தியவர் செக்ரட்டரி, ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். காதை மூடும் கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே எல்லோருடைய குறைகளையும் கேட்பவர்.

"துரை வீட்டுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேக்காம எப்பிடி நகட்டுறது? அவங்க மனசு சங்கடப்படுமில்ல?" என்றார் அவர்.

துரை செத்து வருஷங்கள் ஆயிற்று. மகன் இருந்தார். மகனுக்கு நான் டைப் அடித்தேன். கப்பல் தபால். "பதில் வரும்வரை பொறுப்பது" என்று மினிட்ஸ் எழுதினேன். அடுத்த கூட்டத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். அந்த வரியை எழுதும்போது என் பேனா மையைக்கூடக் கேட்காது, அவ்வளவு பழகிவிட்டது.

இதற்கு நடுவில் எங்கோ ஒரு கோயிலின் கூரை எரிந்துபோக, மேலிடத்திலிருந்து எல்லாச் சபைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு வாளிகள் வைக்க வேண்டும். சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும். மணல் நிரப்ப வேண்டும். வாளியின்மேல் 'ஃபயர்' என்று அந்தந்த ஊர் மொழியில் எழுத வேண்டும். கதவுகளைப் பற்றியும் ஒரு பாரா இருந்தது. அதைக் கமிட்டி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, வாளியை எடுத்துக்கொண்டது.

வாளியில் என்ன வார்த்தை எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம். ஐயர் 'அக்கினி' என்றார். அக்கினி என்றால் நரகம் ஞாபகம் வரும், கல்யாணத்துக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் செக்ரட்டரி. அவர் சொன்ன 'நெருப்பு' வாளியின் வளைவில் பாதி அந்தப் பக்கம் போய்விடும் என்றார் பெயின்டர். என்னைக் கேட்டார்கள். "தீ" என்றேன். ஒரே எழுத்து, அழகாக நடுவில் உட்காரும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வார்த்தையால் ஒரு கூட்டத்தையே முடித்துவைத்தேன் என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. வாளிக்குள் மண் இருக்கும், வெளியே தீ என்று எழுதுகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் அல்லவா.

மலைமேல் ஆற்று மணலுக்கு எங்கே போவது? வத்தலக்குண்டிலிருந்து லாரி வர வேண்டும். பிரசங்கபீடம் செய்த தச்சர் விட்டுப்போன மரச்சீவல் வராந்தாவில் குவிந்து கிடந்தது. செக்ரட்டரி வாளியின் கழுத்துவரை சீவலைத் திணிக்கச் சொன்னார். மேலே நான்கு விரற்கடை மணல், ஒரு கொத்தனாரிடம் கேட்டு வாங்கியது.

"பாக்க வர்றவன் மேலதான பாப்பான், கையவிட்டா பாப்பான்?" என்று மணலைக் குழந்தைத் தலைபோல் தடவிவிட்டார்.

கோயில்பிள்ளையும் அவர் மனைவியும் ஒரு சாவுக்காகப் பேத்துப்பாறை போயிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன் என்றும் ஞாபகம்.

திரும்பிவந்ததும் கோயில்பிள்ளையின் மனைவிதான் முதலில் வாளிகளைப் பார்த்தாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்போது எழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் பிடித்த கிறுக்கு என்று புருஷன் கேலி செய்வார். வீடு வீடாக வரும் பைபிள் அம்மா ஒருத்தி அவளுக்குப் பாடம் சொல்லித்தந்தாள். பலகை, புத்தகம் ஒன்றும் இல்லை. சமையல் டப்பாக்களில் காகிதம் ஒட்டி 'உப்பு', 'பருப்பு', 'டீ' என்று எழுதிவிட்டுப் போவாள். இவள் எழுத்தைப் பார்ப்பாள், மூடியைத் திறப்பாள், உள்ளே அதுவே இருக்கும். அவளுக்குப் படிப்பு என்றால் அதுதான். மேலே என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்கும்.

சுவரில் தொங்கிய வாளிக்கு முன்னால் விளக்குமாறோடு நின்று, "தீ," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒரே மூச்சுல வாசிச்சுட்டேன் தம்பி. எழுத்துக் கூட்டவே இல்ல."

"ஒரே எழுத்துத்தானக்கா, எதக் கூட்டுறது?" என்றார் கோயில்பிள்ளை, நான் சொல்வதுபோல் என் குரலில் பேசிக்காட்டி. மூவரும் சிரித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் மெழுகுவத்தி ஆராதனை. வருஷத்தில் அன்றுதான் கூட்டம் பிதுங்கும். அந்த வாரம் வியாழக்கிழமை கோயில்பிள்ளை என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு கை குடுங்க. ஆர்கன ரெண்டு பேராத் தள்ளி வச்சுருவோம். ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் மறுபடி வச்சுரலாம்."

"கமிட்டி முடிவு வரட்டும்ணே."

"கப்பல் வரட்டும்னு சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. போய்விட்டார். மறுநாள் வெள்ளனே தேவாலயத்தில் சோப்பு வாசனை அடித்தது. கடப்பாரையால் ஆர்கனின் ஒவ்வொரு காலாக நெம்பி, மடித்த சாக்குத் துண்டை அடியில் கொடுத்து, முன்னால் தரையில் சோப்பும் தேய்த்துவைத்திருந்தார். பக்கக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய். ஆர்கன் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கமிட்டித் தீர்மானம் எள்ளளவும் மீறப்படவில்லை. எனக்கு அது தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரன்.

ஞாயிறு சாயங்காலம். வெளியே கைநீட்டினால் கை தெரியாத மஞ்சு. உள்ளே சனம், சால்வை, குழந்தைகள், புது வார்னிஷ். வயதான அம்மாக்களின் பெஞ்சுக்கு அடியில் கணப்புச் சட்டிகள். கரி கனன்று கால்களுக்குச் சூடு காட்டும். மெழுகுவத்தி ஏற்றும் நேரம் வந்தது. செக்ரட்டரி எழுந்து, கோயில்பிள்ளையின் மனைவியைக் கூப்பிட்டு, "அந்தச் சட்டியெல்லாம் எடுத்துரு. ஆபத்து," என்றார். பாதுகாப்பைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உத்தரவு அதுவாக இருக்கலாம்.

எப்போதும் அவள் கங்குகளை வெளியே ஈரமண்ணில் கொட்டுவாள். அன்று பெரிய கதவைக் குளிருக்காகச் சாத்தியிருந்தார்கள். அதன்மேல் சாய்ந்து ஆண்கள் நின்றார்கள். வழி இல்லை. சட்டியோடு திரும்பினாள். எதிரே சுவரில் சிவப்பு வாளி. அதன்மேல் அவளுக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த வார்த்தை. கோழி மண்ணைக் கிளறுவதுபோல் மணலைக் கரண்டியால் ஒதுக்கி, கங்குகளைப் பத்திரமாக உள்ளே வைத்து, மணலை மூடினாள். நான் பின்பெஞ்சிலிருந்து பார்த்தேன். பார்த்தது மண்டைக்குள் போய் வார்த்தையாவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முதலில் வாசனைதான் வந்தது. வார்னிஷ் சூடாகும்போது ஒரு தித்திப்பு வரும், வெல்லப்பாகு அடிப்பிடிப்பதுபோல. இரண்டாவது பாட்டில் வாளி புகைந்தது. மூன்றாவதில் பின்னாலிருந்த பலகை கொப்புளம் கொப்புளமாக உப்பி, ஒரு கொப்புளம் வெடித்து, மஞ்சள் நாக்கு ஒன்று மேலே பார்த்தது. யாரோ ஒரு பெண் சத்தம் போடாமல், ஏதோ ஞாபகம் வந்ததுபோல், "தீ," என்றாள்.

கூட்டம் பெரிய கதவில் போய் மோதியது. உள்பக்கம் திறக்கும் கதவை உள்ளேயிருந்து நூறு பேர் தள்ளினால் அதற்குப் பேர் சுவர். செக்ரட்டரி வரிசை வரிசை என்றார். இரண்டு இளைஞர்கள் மற்ற வாளிகளைப் பிடுங்கி மணலைத் தீயின்மேல் வீசினார்கள். மணல் ஒரு கைப்பிடி விழுந்தது. பின்னாலேயே சீவல் ஒரு மூட்டை விழுந்தது. தீ சந்தோஷப்பட்டு உத்தரத்தைப் பார்த்து எழும்பியது.

கோயில்பிள்ளை ஆர்கனிடம் நின்றார். "எந்திரிங்க டீச்சரம்மா. வெரசா," என்று வாசித்துக்கொண்டிருந்த டீச்சரை எழுப்பிவிட்டு, முதுகைக் கொடுத்து ஒரே உந்து. ஆர்கன் ஏரியில் படகு போவதுபோல் போனது. பிரசங்கபீடத்தில் முட்டி, பெருமூச்சு விட்டு, நெற்றித் தகட்டைக் கீழே போட்டது. கதவு திறந்தது. மஞ்சு உள்ளே வந்தது, புகை வெளியே போனது, நடுவில் சனம் போனது. குழந்தைகள், அம்மாக்கள், கடைசியில் கமிட்டி. ஈரக் கம்பளிகளாலும் தொட்டித் தண்ணீராலும் அணைத்தார்கள். ஒரு பக்கச் சுவர்ப்பலகை கரியானது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. செக்ரட்டரி தொப்பியில்லாமல் வெளியே வந்தார். அன்றுதான் அவருக்கும் காதுகள் உண்டென்று கண்டேன். சாதாரணக் காதுகள்தாம்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. கோயில்பிள்ளைக்கு நன்றித் தீர்மானம் வரும் என்று நினைத்துப் புதுத் தாள் எடுத்து வைத்திருந்தேன்.

"கங்க வாளியில போட்டது யாரு?" என்றார் செக்ரட்டரி.

வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். வாய் திறந்தாள். புருஷன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"நாந்தாங்கய்யா," என்றார்.

"வாளியில என்ன எழுதியிருக்குன்னு கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சுதுங்க. தீன்னு எழுதியிருந்துச்சு. அதான் போட்டேன்."

ஐயர் இருமினார். இருமல் நீண்டது. கைக்குட்டைக்குள் அவர் தோள்கள் குலுங்கியதை நான் மட்டும் கவனித்தேன்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. குற்றங்கள் வந்தன. அனுமதி இல்லாமல் ஆர்கனை நகர்த்தியது. நினைவுத் தகட்டைச் சேதப்படுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்கனுக்கு அடியில் எளிதில் தீப்பிடிக்கக்கூடிய சாக்குத் துண்டுகளை வைத்து ஆலயத்தின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவித்தது. கடைசி வாக்கியத்தைச் செக்ரட்டரி ருசித்துச் சொன்னார். நான் எழுதினேன்.

"வாளிக்குள்ள சீவல்தானய்யா இருந்துச்சு..." என்றேன், தாளைப் பார்த்தபடியே.

"அது மினிட்ஸுக்கு வேண்டாம்."

அது மினிட்ஸில் இல்லை. வாளிக்கு அந்த ஒற்றை எழுத்தைச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் வேலையிலிருந்து விலக்குவது, அறையைக் காலி செய்வது என்று தீர்மானம். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து மிக அழகாக வந்தது. 'காலி' என்ற வார்த்தையில் சுழி ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆர்கனைப் பழுதுபார்த்து, புதுத் தகடு அடித்து, பழைய இடத்திலேயே கதவுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். சாக்கு எடுக்கப்பட்டது. சோப்பைத் துடைக்க மட்டும் மூன்று நாள் ஆனது.

பாலசமுத்திரத்தில் என் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்தார். எழுதிக் கேட்டு அவர்களை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தேன். பரிகாரம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒரு கார்டு எழுதினேன், அவ்வளவுதான்.

அவர்கள் கிளம்பிய காலையில் தபால் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. பிரித்துப் படித்துவிட்டு, அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வத்தலக்குண்டு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி மூட்டை, உப்பு பருப்பு டீ என்று ஒட்டிய டப்பாக்கள் வைத்த ஒரு கூடை. இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, துரை மகன்கிட்டயிருந்து பதில் வந்துருச்சு."

"அப்பிடியா. கப்பல் வந்துருச்சா. என்னவாம்?"

"எந்த ஆர்கன்னு கேக்குறாரு. அவருக்கு அப்பிடி ஒண்ணு இருக்குறதே தெரியாதாம். உங்க விருப்பம்போலச் செய்யுங்கன்னு எழுதியிருக்காரு."

கோயில்பிள்ளை சிரித்தார். அடக்க முடியாமல், முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் பூண்டு மூட்டையோடு இருந்த கூக்கால் ஊர்க்காரர், என்ன விஷயம் என்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

"மாமா தோப்புல ஓலக் குடிசைதான்ணே," என்றேன். "சொல்லியிருக்கேன், ரெண்டு பக்கமும் வாசல் வச்சிருக்காங்களாம்."

"அது போதும்."

பஸ் அசைந்தது. சன்னலோரம் இருந்த அக்காவிடம், கூடவே நடந்துகொண்டே, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அந்த வாளியில 'தீ'ன்னு எழுதச் சொன்னது நாந்தான். இப்ப மறுபடி சாயம் அடிச்சு எழுதப் போறாங்க. மறுபடியும் என்னயத்தான் கேட்டிருக்காங்க."

அவளுக்கு அது புதிதாக இருந்ததாகத் தெரியவில்லை. கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இந்தவாட்டி மண்ணுன்னு எழுதுங்க தம்பி. எனக்கு அதுவும் வாசிக்கத் தெரியும்."